விரிதாளில் தேதிகளை ஒப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் தேதி வைத்து வேலை செய்கிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். ஃபார்முலா தவறாகிப் போவதைவிட, செல்லுக்குள் இருப்பது நாம் நினைக்கிற தேதியாக இல்லாமல் போவதுதான் அதிகம். அதனால் ஒப்பிடத் தொடங்கும் முன் செல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். கீழே உள்ள பல பதில்கள் அங்கேதான் போய் நிற்கும்.

ஃபார்முலாக்களைத் தமிழ் எழுத்தில், உச்சரிப்பின்படி தந்திருக்கிறேன். ஏ2 என்றால் முதல் நெடுவரிசையின் இரண்டாவது செல். ஷீட்டில் தட்டும்போது செல் பெயரையும் டுடே, டேட் போன்ற பெயர்களையும் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். உங்கள் கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்துக் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி போட வேண்டியிருக்கலாம்.

இரண்டு தேதியில் எது முந்தையது என்று பார்க்கத் தனி ஃபார்முலா இருக்கிறதா?

தேவையில்லை. எண்களை ஒப்பிடுகிற அதே குறிகள் போதும். =ஏ2<பி2 என்று போட்டால் ஏ2 முந்தைய தேதியாக இருந்தால் ட்ரூ, இல்லாவிட்டால் ஃபால்ஸ். ஏ நெடுவரிசையில் கெடு தேதி, பி நெடுவரிசையில் வேலை முடிந்த தேதி என்று வைத்துக்கொண்டால் =இஃப்(பி2>ஏ2,"தாமதம்","சரி") என்று எழுதலாம்.

இது நடப்பதற்குக் காரணம், விரிதாளுக்குத் தேதி என்பதே ஓர் எண் என்பதுதான். எக்செல்லில் 1900 ஜனவரி 1 என்பது 1. அங்கிருந்து நாளுக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே வந்து 2025 ஜனவரி 1 என்பது 45658 ஆகிறது, மறுநாள் 45659. நாம் பார்க்கிற நாள்-மாதம்-ஆண்டு எல்லாம் அந்த எண்ணுக்குப் போட்ட வெளித்தோற்றம் மட்டுமே. ஏதாவது ஒரு தேதி செல்லின் வடிவத்தை ஜெனரல் அல்லது நம்பர் என்று மாற்றிப் பாருங்கள், உள்ளே இருக்கும் எண் தெரியும்.

ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்தேன். நாள் கணக்கு வராமல் 1900-ம் ஆண்டுத் தேதி வருகிறதே?

விடை சரியாகத்தான் வந்திருக்கிறது. 17 நாள் என்ற விடையை, தேதி வடிவத்தில் இருக்கும் செல் எக்செல்லில் "17 ஜனவரி 1900" என்று காட்டுகிறது. அந்தச் செல்லின் வடிவத்தை நம்பர் என்று மாற்றினால் 17 தெரியும். அதே இடத்தில் ##### என்று நிரம்பி, நெடுவரிசையை அகலப்படுத்தியும் போகவில்லை என்றால், விடை கழித்தல் எண்ணாக வந்திருக்கிறது. எக்செல் அதைத் தேதியாகக் காட்ட முடியாது. இங்கேயும் நம்பர் வடிவம்தான் தீர்வு.

இன்றைய தேதியோடு ஒப்பிட என்ன போடுவது?

டுடே(). அடைப்புக்குள் எதுவும் வேண்டாம். =ஏ2<டுடே() என்றால் ஏ2-ல் உள்ள நாள் கடந்துவிட்டதா என்று அர்த்தம். ஷீட்டைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் இது புதுப்பித்துக்கொள்ளும். கெடு பார்க்க இது நல்லது. ஆனால் "பெற்றுக்கொண்ட நாள்" மாதிரி ஒருமுறை பதிந்து அப்படியே நிற்க வேண்டிய இடத்தில் டுடே போடக் கூடாது, நாளைக்கு அது நாளைய தேதியாகிவிடும். அங்கே கன்ட்ரோல் விசையோடு அரைப்புள்ளியை அழுத்துங்கள். இன்றைய தேதி மாறாத மதிப்பாக வந்து உட்காரும்.

கூகுள் ஷீட்ஸில் "இன்று" எது என்பதைக் கோப்பின் அமைப்பில் உள்ள நேர மண்டலம் தீர்மானிக்கிறது. வேறு நாட்டில் இருப்பவர் உருவாக்கிய கோப்பில் தேதி ஒரு நாள் முன்பின்னாகத் தெரிந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

=ஏ2>31/3/2025 என்று எழுதினேன். எல்லா வரிசையிலும் ட்ரூ வருகிறது. ஏன்?

அதை விரிதாள் வகுத்தல் கணக்காக எடுத்துக்கொள்கிறது. 31-ஐ 3-ஆல் வகுத்து, அதை 2025-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.005. எந்தத் தேதியின் எண்ணும் அதைவிடப் பெரியதுதான், அதனால் எல்லாமே ட்ரூ. சரி, மேற்கோள் குறிக்குள் போடலாமே என்று =ஏ2>"31/3/2025" என்று எழுதினால் இப்போது எல்லாம் ஃபால்ஸ் ஆகும். மேற்கோளுக்குள் இருப்பது எழுத்து. எக்செல்லின் ஒப்பீட்டில் எந்த எழுத்தும் எந்த எண்ணையும்விடப் பெரியதாகவே கருதப்படும்.

எழுத வேண்டியது =ஏ2>டேட்(2025,3,31). ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை. எந்த வட்டார அமைப்பிலும் இது ஒரே பொருளைத்தான் தரும். இன்னும் நல்லது, அந்தத் தேதியை ஒரு தனிச் செல்லில் வைத்துவிட்டு =ஏ2>$எஃப்$1 என்று அதைச் சுட்டுவது ($ போட்ட பகுதி, ஃபார்முலாவை மற்ற செல்களுக்கு இழுத்தாலும் நகராது). நாளைக்குத் தேதி மாறினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

ஃபார்முலா எல்லா வரிசைக்கும் ஒன்றுதான். சில வரிசையில் மட்டும் விடை தப்பாக வருகிறது. பார்த்தால் தேதி சரியாகத்தான் இருக்கிறது.

அந்த வரிசைகளில் இருப்பது தேதி மாதிரி தெரிகிற எழுத்து. பக்கத்துச் செல்லில், உள்ளே இருப்பது எண்தானா என்று சொல்லும் =இஸ்நம்பர்(ஏ2) போட்டுக் கீழ்வரை இழுத்துப் பாருங்கள். ஃபால்ஸ் வருகிற இடமெல்லாம் குற்றவாளி. எழுத்து இடப்பக்கமும் எண் வலப்பக்கமும் ஒட்டி நிற்கும் என்பதும் ஓர் அடையாளம்தான். ஆனால் யாராவது நெடுவரிசை முழுவதையும் நடுவில் நிறுத்தியிருந்தால் அந்த அடையாளம் போய்விடும். அதனால் நான் இஸ்நம்பரைத்தான் நம்புவேன்.

செல் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் மட்டும் எழுத்து தேதியாகிவிடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. முன்னால் பின்னால் ஒட்டியிருக்கும் வெற்றிடங்களை நீக்கிவிட்டு =டேட்வேல்யூ(ஏ2) போட்டுப் பாருங்கள். எண் வந்தால் அதைத் தேதி வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். எக்செல்லில் டேட்டா மெனுவில் உள்ள டெக்ஸ்ட் டு காலம்ஸ் இன்னும் பாதுகாப்பான வழி. அதன் கடைசிப் படியில் நாள்-மாதம்-ஆண்டு என்ற வரிசையை நாமே தேர்ந்தெடுக்க முடியும்.

வேறு மென்பொருளிலிருந்து எடுத்த கோப்பைத் திறந்தால் நாளும் மாதமும் இடம் மாறி வருகிறது. எல்லாம் மாறியிருந்தாலாவது பரவாயில்லை, பாதிதான் மாறியிருக்கிறது!

நான் பார்த்ததிலேயே அதிகச் சேதம் செய்வது இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். கோப்பில் நாள்/மாதம்/ஆண்டு என்று இருக்கிறது. கணினியோ மாதம்/நாள்/ஆண்டு என்று படிக்கும் அமைப்பில் இருக்கிறது. மார்ச் 4-ஐக் குறிக்கும் 04/03/2025 அதன் கண்ணுக்கு ஏப்ரல் 3. சத்தமில்லாமல் அப்படியே மாற்றி வைத்துவிடும். அடுத்து 25/03/2025 வருகிறது. 25-வது மாதம் என்று ஒன்று இல்லை, அதனால் அதை எழுத்தாகவே விட்டுவிடும். ஆக, ஒவ்வொரு மாதத்திலும் 1 முதல் 12 வரையிலான நாட்கள் தவறான தேதிகள், 13-லிருந்து மிச்சமெல்லாம் எழுத்து. 03/03 மாதிரி நாளும் மாதமும் ஒன்றாக இருப்பவை மட்டும் தப்பிக்கும்.

இந்த நெடுவரிசையை டுடேயோடு ஒப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எழுத்தாக நிற்பவையெல்லாம் எண்ணைவிடப் பெரியவை என்பதால் எதிர்காலத் தேதியாகத் தெரியும். கெடு கடந்தவை பட்டியலிலிருந்து மறைந்துபோகும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

நல்ல வழி, மூலக் கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், வெற்றுத் தாளில் டேட்டா மெனு வழியாக இறக்கி, அந்த நெடுவரிசைக்கு நாள்-மாதம்-ஆண்டு என்று சொல்லிவிடுவது. கூகுள் ஷீட்ஸில் இறக்கும் முன் கோப்பு அமைப்பில் வட்டாரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மூலக் கோப்பு கையில் இல்லை என்றால் பக்கத்து நெடுவரிசையில் இதைப் போடுங்கள்:

=இஃப்(இஸ்நம்பர்(ஏ2),டேட்(இயர்(ஏ2),டே(ஏ2),மன்த்(ஏ2)),டேட்(ரைட்(ஏ2,4),மிட்(ஏ2,4,2),லெஃப்ட்(ஏ2,2)))

எண்ணாக மாறிப்போனதில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றுகிறது. எழுத்தாக நிற்பதைத் துண்டு துண்டாக எடுத்துத் தேதியாக்குகிறது. எழுத்தில் நாளும் மாதமும் இரண்டிரண்டு இலக்கமாகவும் ஆண்டு நான்கு இலக்கமாகவும் இருந்தால்தான் இது பலிக்கும். நெடுவரிசை முழுவதும் ஒரே கோப்பிலிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் செய்யுங்கள். நடுவில் யாராவது கையால் சரியாகத் தட்டிய தேதி இருந்தால் அதுவும் புரண்டுவிடும்.

இரண்டு செல்லிலும் ஒரே தேதிதான் தெரிகிறது. =ஏ2=பி2 ஃபால்ஸ் என்கிறதே?

இரண்டும் இஸ்நம்பர் சோதனையில் தேறினால், ஒன்றில் நேரம் ஒளிந்திருக்கிறது. தேதி முழு எண், நேரம் அதன் பின்னம்: நண்பகல் என்றால் 0.5. 45658-உம் 45658.5-உம் தேதி வடிவத்தில் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் சமம் அல்ல. =இன்ட்(ஏ2)=இன்ட்(பி2) என்று பின்னத்தை வெட்டிவிட்டு ஒப்பிடுங்கள். இப்போதைய தேதியையும் நேரத்தையும் தரும் நவ்() போட்ட செல்களிலும், படிவங்கள் தானாகப் பதியும் நேரமுத்திரைகளிலும் இது எப்போதும் இருக்கும்.

மாதக் கடைசியில் இது இன்னும் நுட்பமாகக் கடிக்கும். "மார்ச் 31 வரை" என்று <=டேட்(2025,3,31) போட்டால், மார்ச் 31 பிற்பகலில் பதிந்த வரிசை விட்டுப்போகும். நேரம் கலந்த தரவில் <டேட்(2025,4,1) என்று அடுத்த நாளுக்கு முன் என எழுதிப் பழகுங்கள்.

கெடு கடந்த தேதிகள் தானாகச் சிவப்பாக வேண்டும். எப்படி?

கண்டிஷனல் ஃபார்மேட்டிங். ஏ2 முதல் ஏ200 வரை தேர்ந்தெடுங்கள். எக்செல்லில் ஹோம் தாவலில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், நியூ ரூல், அதில் ஃபார்முலா பயன்படுத்தும் கடைசி வகை. கூகுள் ஷீட்ஸில் ஃபார்மேட் மெனுவில் அதே பெயர், நிபந்தனைப் பட்டியலின் அடியில் கஸ்டம் ஃபார்முலா. அங்கே எழுத வேண்டியது:

=ஆண்ட்(இஸ்நம்பர்(ஏ2),ஏ2<டுடே())

இஸ்நம்பர் எதற்கு என்றால், வெற்றுச் செல்லை ஒப்பீட்டில் விரிதாள் 0 என்று எடுத்துக்கொள்ளும். 0 எப்போதும் இன்றைக்கு முந்தையது. அது இல்லாமல் எழுதினால் இன்னும் நிரப்பாத வரிசைகள் எல்லாம் சிவந்து நிற்கும். அடுத்த 7 நாளில் வரப்போகிறவற்றுக்கு மஞ்சள் வேண்டுமா? =ஆண்ட்(ஏ2>=டுடே(),ஏ2<=டுடே()+7) போதும்.

செல்லுக்கு மட்டும் வேண்டாம், முழு வரிசைக்கும் நிறம் வேண்டும்.

ஏ2 முதல் எஃப்200 வரை முழுவதையும் தேர்ந்தெடுத்து, ஃபார்முலாவில் நெடுவரிசைப் பெயருக்கு முன் மட்டும் $ போடுங்கள்: =ஆண்ட்(இஸ்நம்பர்($ஏ2),$ஏ2<டுடே(),$டி2<>"முடிந்தது"). டி நெடுவரிசையில் வேலையின் நிலை இருப்பதாக வைத்துக்கொண்டிருக்கிறேன். முடிந்துபோன வேலை கெடு கடந்ததாகச் சிவப்பில் நின்றால் கண் பழகிப்போய், உண்மையான தாமதத்தையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

நிறம் வருகிறது, ஆனால் ஒரு வரிசை தள்ளி வருகிறது.

தேர்ந்தெடுத்த பகுதியின் முதல் வரிசையும் ஃபார்முலாவில் உள்ள வரிசை எண்ணும் ஒன்றாக இல்லை. பகுதி 2-ல் தொடங்கினால் ஃபார்முலாவும் 2 என்றே இருக்க வேண்டும், மற்ற வரிசைகளுக்கு விரிதாளே நகர்த்திக்கொள்ளும். தலைப்பையும் சேர்த்து ஏ1-லிருந்து தேர்ந்தெடுத்துவிட்டு ஏ2 என்று எழுதுவதுதான் வழக்கமாக நடப்பது.

சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று விதி போட்டேன். எப்போதும் ஒன்றுதான் வேலை செய்கிறது.

விதிகளின் வரிசை முக்கியம். கூகுள் ஷீட்ஸில் மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்துகிற விதிதான் பலிக்கும். எக்செல்லிலும் மேலே இருப்பதற்கே முன்னுரிமை, புதிதாகப் போடும் விதி தானாக மேலே போய் உட்காரும். "30 நாளுக்குள்" என்ற விதி மேலேயும் "7 நாளுக்குள்" கீழேயும் இருந்தால் இரண்டாவதற்கு வேலையே வராது. குறுகிய நிபந்தனையை மேலே கொண்டுபோங்கள்.

விதிப் பட்டியலைத் திறந்து பார்க்கும்போது ஒரே விதி பத்து இருபது துண்டாகக் கிடந்தால் பதறாதீர்கள். வரிசைகளை வெட்டி ஒட்டும்போது பகுதிகள் சிதறி அப்படி ஆகும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒன்றே ஒன்றை முழுப் பகுதிக்கும் புதிதாகப் போடுவது, ஒவ்வொன்றாகச் சீர்செய்வதைவிடச் சீக்கிரம் முடியும்.

இந்த மாதத் தேதிகளை மட்டும் காட்ட =மன்த்(ஏ2)=மன்த்(டுடே()) போட்டேன். போன வருடத்துத் தேதியும் வருகிறது.

மன்த் ஆண்டைப் பார்ப்பதில்லை. =இஓமன்த்(ஏ2,0)=இஓமன்த்(டுடே(),0) என்று எழுதுங்கள். இரண்டு தேதிக்கும் மாதக் கடைசி நாள் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும், ஆண்டும் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

மன்த்தில் இன்னொரு பொறி: வெற்றுச் செல்லுக்கு எக்செல் 1 என்று விடை தரும், கூகுள் ஷீட்ஸ் 12 என்று தரும். முன்னதில் வெற்று வரிசைகள் ஜனவரிக் கணக்கில் சேரும், பின்னதில் டிசம்பர் கணக்கில். மாதவாரியாக எண்ணும்போது ஒரு மாதம் மட்டும் காரணமில்லாமல் வீங்கித் தெரிந்தால் இதுதான். மேலே சொன்ன இஸ்நம்பர் காவல் இங்கேயும் வேண்டும்.

இரண்டு தேதிக்கு நடுவில் எத்தனை வரிசை இருக்கிறது என்று எண்ண?

=கவுன்ட்இஃப்ஸ்(ஏ2:ஏ500,">="&டேட்(2025,4,1),ஏ2:ஏ500,"<"&டேட்(2025,5,1)). ஒப்பீட்டுக் குறி மட்டும் மேற்கோளுக்குள், தேதி வெளியே, நடுவில் & குறி. செல்லைச் சுட்டுவதானாலும் ">="&எஃப்1 என்றுதான். ">=எஃப்1" என்று எல்லாவற்றையும் உள்ளே போட்டால் செல்லைப் பார்க்காமல் அந்த எழுத்துகளையே தேடும், விடை 0 வரும்.

ஒரு மாதம் கழித்து என்றால் 30 கூட்டினால் போதாதா?

30 நாள் என்று ஒப்பந்தம் சொன்னால் 30 கூட்டுங்கள். ஒரு மாதம் என்றால் =ஈடேட்(ஏ2,1). ஜனவரி 31-க்கு இது பிப்ரவரியின் கடைசி நாளைத் தரும். விடை எண்ணாக வந்தால் தேதி வடிவம் கொடுத்துக்கொள்ளுங்கள்.

தவணை அட்டவணை போடுகிறவர்கள் கவனிக்க: முந்தைய தவணையிலிருந்து அடுத்ததை ஈடேட் போட்டுச் சங்கிலியாகக் கொண்டுபோகாதீர்கள். ஜனவரி 31, பிப்ரவரி 28 ஆகும், அதிலிருந்து அடுத்தது மார்ச் 28 ஆகிவிடும், 31 திரும்பவே திரும்பாது. எப்போதும் முதல் தேதியிலிருந்தே 1, 2, 3 மாதம் என்று எண்ணுங்கள்.

வயது, பணிக்காலம் எல்லாம் முழு ஆண்டாக வேண்டும். 365-ஆல் வகுக்கலாமா?

லீப் ஆண்டுகளால் பிறந்தநாளை ஒட்டி விடை பிசகும். =டேட்டிஃப்(ஏ2,டுடே(),"ஒய்") போடுங்கள். "ஒய்" என்பது முழு ஆண்டைக் கேட்கும் குறி, அதையும் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். எக்செல்லில் தட்டும்போது இந்தப் பெயர் பரிந்துரையில் வராது, முழுதாகத் தட்டினால் வேலை செய்யும். முந்தைய தேதி முதலில் வர வேண்டும், மாற்றிப் போட்டால் பிழை. மிச்ச நாட்களைத் தரும் "எம்டி" என்ற வகையை மட்டும் தவிருங்கள், சில தேதிகளுக்கு அது தவறாகச் சொல்வதாக மைக்ரோசாஃப்டே எச்சரித்திருக்கிறது.

வேலை நாளை மட்டும் எண்ண?

=நெட்வொர்க்டேஸ்(ஏ2,பி2,$எச்$2:$எச்$20). மூன்றாவதாக இருப்பது விடுமுறைத் தேதிகளின் பட்டியல். இது தொடக்க நாளையும் கடைசி நாளையும் சேர்த்தே எண்ணும். திங்கள் முதல் வெள்ளி வரை கழித்தால் 4, இதில் 5. சனி, ஞாயிறு அல்லாத வார விடுமுறை என்றால் நெட்வொர்க்டேஸ்.இன்டல் இருக்கிறது. அதில் 11 என்ற குறியீடு ஞாயிறு மட்டும், 7 என்பது வெள்ளியும் சனியும்.

இரண்டு பேருடைய விடுப்பு மோதுகிறதா, ஒரே அறையை இரண்டு பேர் பதிந்திருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், நினைப்பதைவிடச் சின்ன ஃபார்முலாதான். ஒன்று இன்னொன்றுக்குள் அடங்குவது, முன்பக்கம் மோதுவது, பின்பக்கம் மோதுவது என்று தனித்தனியாக எழுத ஆரம்பித்தால் குழம்பிவிடும். எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்றே: முதலாவது தொடங்குவது இரண்டாவது முடிவதற்குள்ளும், இரண்டாவது தொடங்குவது முதலாவது முடிவதற்குள்ளும் இருக்க வேண்டும். 10 முதல் 15 வரை ஒன்று, 14 முதல் 20 வரை இன்னொன்று: 10 என்பது 20-க்குள், 14 என்பது 15-க்குள், ஆக மோதல். இரண்டாவது 16-ல் தொடங்கினால் 16 என்பது 15-ஐத் தாண்டிவிட்டது, மோதல் இல்லை.

ஏ நெடுவரிசையில் அறை, பி-யில் தொடக்கம், சி-யில் முடிவு என்றால், கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில்:

=கவுன்ட்இஃப்ஸ்($ஏ$2:$ஏ$100,$ஏ2,$பி$2:$பி$100,"<="&$சி2,$சி$2:$சி$100,">="&$பி2)>1

ஒவ்வொரு வரிசையும் தன்னோடு தானே மோதும் என்பதால்தான் 1-ஐவிட அதிகமா என்று கேட்கிறோம். ஒருவர் காலி செய்யும் நாளிலேயே அடுத்தவர் வரலாம் என்றால் "<=", ">=" இரண்டிலும் உள்ள = குறியை எடுத்துவிடுங்கள்.

ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டினால் எல்லாத் தேதியும் நான்கு ஆண்டு தள்ளிப்போகிறது.

இரண்டில் ஒரு கோப்பு, 1900-க்குப் பதில் 1904-லிருந்து நாளை எண்ணும் 1904 தேதி முறையில் இருக்கிறது. பழைய மேக் கணினிகளில் எக்செல் அந்த முறையைத்தான் பயன்படுத்தியது. இரண்டு முறைக்கும் வித்தியாசம் சரியாக 1462 நாள். எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ அதற்கேற்ப 1462 கூட்டவோ கழிக்கவோ செய்யுங்கள். தேதிகள் ஏற்கெனவே நிரம்பிய கோப்பில் அமைப்பை மாற்றினால் அங்கே இருப்பவையும் நகர்ந்துவிடும், அதைத் தொடாதீர்கள்.

1900-க்கு முந்தைய தேதிகளை ஒப்பிட முடியுமா?

எக்செல் அவற்றைத் தேதியாக ஏற்காது, எழுத்தாகவே வைத்திருக்கும். கூகுள் ஷீட்ஸும், லிப்ரேஆஃபிஸ் என்ற இலவச மென்பொருளின் விரிதாளும் ஏற்கும். எக்செல்லிலேயே வேலை செய்ய வேண்டுமென்றால் நெடுவரிசை முழுவதையும் எழுத்து வடிவத்துக்கு மாற்றி, 1857-05-10 என்று ஆண்டு-மாதம்-நாள் வரிசையில், ஒற்றை இலக்கத்துக்கு முன் 0 சேர்த்து எழுதுங்கள். அப்படி எழுதியவை எழுத்தாக ஒப்பிட்டாலும் கால வரிசையிலேயே நிற்கும், < > குறிகள் சரியாக வேலை செய்யும். 1900-க்குப் பிந்தையவற்றையும் அதே நெடுவரிசையில் எழுத்தாகவே தட்ட வேண்டும். ஒன்றிரண்டு உண்மையான தேதிகளாக நுழைந்துவிட்டால் முன்னே சொன்ன எழுத்து-எண் குழப்பம் இங்கேயும் வந்துவிடும்.